நான்கு வருடமாக டைனமிக் டிஎன்எஸ்: வீட்டுக் கணினியில் பார்த்தது

பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு வீட்டு மூலையில் ஓட விட்டிருக்கிறேன். வெளியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் பாதுகாப்பான வழி) வழியாக அதற்குள் போக நிலையான பெயர் வேண்டும். இணையத்தில் வீட்டைக் காட்டும் எண்ணான ஐபி முகவரியோ, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாலே மாறிவிடுகிறது. டிஎன்எஸ் என்பது பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்லும் அமைப்பு; டைனமிக் டிஎன்எஸ்ஸில் முகவரி மாறும்போதெல்லாம் புதியதைச் சேவைக்குச் சொல்லி, அதே பெயரோடு இணைத்துவிடலாம். அதனால் அப்படி ஒரு பெயரைப் பதிவு செய்தேன்.

முதலில் க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) ஒரு வரி கர்ல் கட்டளை, சேவையின் இணைய முகவரியைத் தட்டி என் ஐபியைச் சொல்ல, நிமிடத்துக்கு ஒருமுறை. முகவரி மாறினாலும் மாறாவிட்டாலும் அனுப்பிக்கொண்டே இருந்தது. சில நாளில் சேவைக்காரர்கள் பெயரைப் பூட்டிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். அப்புறம் இதற்கென்றே உள்ள டிடிகிளையன்ட் என்ற நிரலுக்கு மாறினேன். 300 நொடிக்கு ஒருமுறை பார்க்கும், கடைசியாக அனுப்பிய முகவரியை நினைவில் வைத்திருக்கும், மாறியிருந்தால்தான் சேவைக்குச் சொல்லும். நிறுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

என்னை உண்மையில் அலையவிட்டது விபிஎன், அதாவது இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகச் சுரங்கம்போல அனுப்பும் வசதி. ஊரில் இல்லாத ஒரு வாரம், பெயர் வேறெங்கோ போய் நின்றது. திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்தால் எல்லா வரியிலும் 'வெற்றி'. கணினியில் விபிஎன்னை அணைக்காமல் கிளம்பியிருக்கிறேன். 'என் ஐபி என்ன' என்று வெளித்தளத்தைக் கேட்டால், சுரங்கத்தின் மறுமுனை முகவரிதானே வரும்? டிடிகிளையன்ட் அதை ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தது. பொய் சொல்லவில்லை, கேட்ட இடம் தப்பு. அன்றிலிருந்து முகவரியை ரவுட்டரின் நிலைப் பக்கத்திலிருந்தே எடுக்கிறேன்.

இந்த மாற்றம் மூன்றாம் வருடம் கைகொடுத்தது. திடீரென்று பெயர் 100.72 என்று தொடங்கும் முகவரியைக் காட்டியது. 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதி, 2012இல் ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தர ஆவணம் வழியாக இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. அதாவது, என்னையும் பலரையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவிட்டார்கள். வெளித்தளத்தைக் கேட்டிருந்தால் நல்ல முகவரிபோலத்தான் தெரிந்திருக்கும். வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலான போர்ட் ஏன் திறக்கவில்லை என்று மண்டையை உடைத்திருப்பேன். இதற்கு டைனமிக் டிஎன்எஸ் மருந்தல்ல. ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பொது முகவரி தரக்கூடிய புதிய முகவரி முறையான ஐபிவி6க்கு மாறினேன். அங்கேயும், தனியுரிமைக்காகக் கணினி அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் தற்காலிக முகவரியைப் பதியக் கூடாது, நிலையானதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டு வைஃபையிலிருந்து சோதிப்பது வீண். உள்ளிருந்து சொந்த வெளி முகவரிக்குப் போனால் சில ரவுட்டர்கள் விடும், சில விடாது. மொபைல் டேட்டாவில் பாருங்கள். இலவசச் சேவை என்றால், சில சேவைகள் 30 நாளுக்கு ஒருமுறை பெயரை உறுதிப்படுத்தச் சொல்லி அனுப்பும் மின்னஞ்சலையும் கவனியுங்கள். நான் ஒன்றைத் தவறவிட்டு பெயரை மறுபடி உருவாக்கினேன்.

இப்போது மணிக்கு ஒருமுறை சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று கணினியின் முகவரியையும் டிஎன்எஸ் சொல்வதையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் மெயில் அனுப்புகிறது. இதுவரை இரண்டு மெயில். ஒன்று, ரவுட்டரை மாற்றிய அன்று. இன்னொன்று, கடவுச்சொல்லை மாற்றிவிட்டு டிடிகிளையன்டுக்குச் சொல்ல மறந்த அன்று.