ஈரோடு – சென்னிமலை – காங்கேயம்: ஐந்து வருடமாகச் சைக்கிளில் சுற்றும் 100 கிலோமீட்டர்

ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சுற்றும் பாதை இது. ஈரோட்டில் கிளம்பி வெள்ளோடு, சென்னிமலை வழியாகக் காங்கேயம். திரும்பும்போது நத்தக்காடையூர், அறச்சலூர், அவல்பூந்துறை வழியாக வீடு. இடையில் சிவன்மலைக்கு ஒரு எட்டுப் போய் வந்தால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மாதம் இரண்டு தடவையாவது போவதால் நூறு சுற்றுக்கு மேல் ஆகிவிட்டது. ரோடு பைக் (மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிள்) வாங்கிவிட்டு எங்கே ஓட்டுவது என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் எல்லோரும் சேலம்–கோவை பைபாஸில்தான் போய் நிற்கிறார்கள். அங்கே வேகம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. இந்தப் பக்கம் வாருங்கள்.

மலைப்பாதை என்று நினைத்துவிட வேண்டாம். ஈரோட்டை விடக் காங்கேயம் நூறு மீட்டருக்கு மேல் உயரம், ஆனால் அந்த ஏற்றம் ஒரே இடத்தில் வராது. ஒரு மேடு ஏறினால் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு ஓடை, மறுபடி மேடு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிட வேலைதான். முதல் வருடம் இதைச் சாதாரணமாக நினைத்து, ஒவ்வொரு மேட்டையும் கியர் மாற்றாமல் எழுந்து நின்று மிதித்தேன். சென்னிமலை தாண்டும்போதே தொடை கல்லாகிவிடும். பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டில் 11-28 பல் இருந்ததைக் கழற்றிவிட்டு, மேடு ஏற லேசான 11-32 போட்டேன். உட்கார்ந்தபடியே மேடு ஏறக் கற்றுக்கொண்ட பிறகுதான் சுற்றிலும் இருப்பது கண்ணில் படத் தொடங்கியது.

பார்க்க அவ்வளவு இருக்கிறது. வெள்ளோட்டில் பெரியகுளம், பறவைகள் சரணாலயம். 2022-ல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கார்த்திகை, மார்கழி விடியலில் அந்தப் பக்கம் போனால் குளம் கண்ணில் படும் முன்பே பறவைச் சத்தம் காதுக்கு வந்துவிடும். அப்புறம் கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடிவரும் இந்த வாய்க்கால்தான் இங்கே நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வாய்க்காலுக்குக் கீழே நெல், மஞ்சள், கரும்பு, தென்னை. மேலே மானாவாரி. பாலத்தைத் தாண்டின சில நிமிடத்தில் முகத்தில் படும் காற்றே மாறிவிடும். ஈரமண் வாசம் போய்க் காய்ந்த புல் வாசம் வரும். காரில் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. தண்ணீரைப் பெரும்பாலும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திறப்பார்கள். அந்த வாரம் பாலத்தில் நின்று பாருங்கள். பெரியவர்களும் வண்டியை நிறுத்திவிட்டு, செம்மண் கலங்கலாக வரும் முதல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சென்னிமலை தாண்டிக் காங்கேயம் வரைக்கும் இருப்பது கொறங்காடு. பயிர் வைக்காமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை பிடித்த மாதிரி வெள்வேல மரம். ஒவ்வொரு காட்டுக்கும் உள்ளே போய்வர ஒரு கடவு. காங்கேயம் மாடு இந்த மண்ணில் மேய்ந்து வளர்ந்த மாடு. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் போல ஆனால் சாம்பல் நிறத்துக்கு மாறும். ஒரே வேலிக்குள் சாம்பல் நிறத் தாயும் செவலைக் கன்றும் நிற்பதை முதலில் பார்த்தபோது வேறு மாட்டுக் கன்று என்றுதான் நினைத்தேன்.

அழகு இருக்கட்டும், டயருக்கு வருகிறேன். கொறங்காட்டின் வேலியும் முள், மரமும் முள். பங்குனி, சித்திரையில் ஆட்டுக்கு வெள்வேலங்காய் உலுக்கிப் போடுவார்கள், கிளை வெட்டுவார்கள். துண்டு முள் ரோட்டோரம் கிடக்கும். 25 மில்லிமீட்டர் டயரில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றடித்து ஓட்டிய முதல் கோடையில், ஒரே நாளில் மூன்று முறை பஞ்சர். மூன்றாவது தடவை காங்கேயத்துக்கு ஆறேழு கிலோமீட்டர் முன்னால், கையிலிருந்த கடைசி ட்யூபும் போய் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். ஆடு ஓட்டி வந்த ஒரு பெரியவர் நின்றார்.

"ஏங் கண்ணு, பஞ்சரா?"

"மூணாவது தடவைங்க ஐயா. ட்யூப் மாத்த மாத்தப் போகுது."

"ட்யூப்ப மாத்தி என்ன பண்றது சாமி, முள்ளு உள்ளயே குந்தீட்டு இருக்குமல்லோ. டயரக் குடு."

டயரை மடியில் வைத்து, உள்பக்கமாகப் பெருவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த முள்வாங்கியை எடுத்து, ரப்பரை வளைத்துப் பிடித்து, எள் அளவு முள் நுனியை இழுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத நுனி. மூன்று ட்யூபையும் குத்தியது அது ஒன்றுதான். ஒட்டுப் போட்டுக் காற்றடித்து வீடு வரைக்கும் வந்தேன். அடுத்த வாரமே ஒரு முள்வாங்கி வாங்கி சீட்டுக்குக் கீழே உள்ள பையில் போட்டேன். இன்றுவரை அது அங்கேதான் இருக்கிறது. விலை கூடின எத்தனையோ டூல் வாங்கியிருக்கிறேன், இதைப் போல ஒன்றும் உதவியதில்லை.

அதற்குப் பிறகு 28, இப்போது 32 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ், 60 பிஎஸ்ஐ சுற்றி. நேரம் கூடவில்லை. காட்டுப் பாதையின் கரகர தாரில் உடம்பு அதிராததால் கடைசி 20 கிலோமீட்டர் முன்னைவிட நன்றாகவே போகிறது. ஒரே எச்சரிக்கை: நம் ஊர் வெயிலில் ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்தப் பாதையில் நேராக முகத்தில் அடிக்கும். போகும் திசை தென்மேற்கு என்பதால் தப்பிக்க வழியில்லை. மணிக்கு 26 கிலோமீட்டர் போகிற எனக்கு 18-ஐத் தாண்டாது. ஆனால் வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அதனால் சுற்றைத் திருப்பிப் போடாதீர்கள். கஷ்டம் காலையில் முடிந்துவிட வேண்டும். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் காற்று பலமெடுக்கும் முன்பே சென்னிமலையைத் தாண்டிவிடலாம்.

தெம்பு மிச்சமிருந்தால் சென்னிமலை முருகன் கோயிலுக்கு வண்டிப்பாதையில் ஏறிப் பாருங்கள். படி வழி 1,320 படிகள். பாதை வழி சைக்கிளுக்கு நல்ல சோதனை. ஊருக்குள் இறங்கினால் தறிச் சத்தம், வாசலில் காயும் நூல், அடுக்கி வைத்த பெட்ஷீட். இங்கே ஒரு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் என் வழக்கம். காங்கேயத்துக்குள் நுழையும்போது தேங்காய்க் களங்கள் வரும். உடைத்த மூடிகளை வெயிலுக்கு வெள்ளையாக மலர்த்திப் பரப்பியிருப்பார்கள், அந்த வாசம் ஊருக்கு முன்னால் வந்து கூப்பிடும். சிவன்மலையில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டியை ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவேன். யாரோ ஒரு பக்தரின் கனவில் வந்த பொருள், சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு உத்தரவானதும் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கும்.

மனசு கனக்கிற இடம் நொய்யல். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை கடக்க வேண்டும். சாயக்கழிவு கலந்து பாழான ஆறு. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே அந்தக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது என்றாலும், சில காலைகளில் பாலத்தின் மேல் நுரையும் நாற்றமும் இருக்கத்தான் செய்கிறது. இதே ஆற்றங்கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம். மணியும் இரும்பும் செய்து வாழ்ந்த ஊர். அந்தப் பாலத்தை நான் ஒரு நாளும் வேகமாகக் கடந்ததில்லை.

வரும் வழியில் வேறு சிரமங்கள்: காங்கேயம்–ஈரோடு ரோட்டில் எட்டு மணிக்கு மேல் லாரியும் பஸ்ஸும் கூடிவிடும், வளைவுகளில் ஒதுங்க இடம் குறைவு. கோடு போடாத வேகத்தடைகள் ஊருக்கு ஊர் உண்டு. நாய் துரத்தினால் மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஐந்து வருடத்தில் ஒரு நாயும் அதற்குமேல் வந்ததில்லை. மெயின் ரோடு பிடிக்காவிட்டால் பழையகோட்டைப் பக்கம் பிரிந்து சின்ன ரோடுகளில் வரலாம், இப்போதெல்லாம் நான் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே காங்கேயம் மாடுகளுக்கென்றே சந்தை கூடும்.

அறச்சலூர் வந்தால் ஓடாநிலை பக்கத்தில்தான், தீரன் சின்னமலை கோட்டை கட்டியிருந்த ஊர். நாகமலையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து, த, தை, தா என்று தாளமாகப் போகும். அதற்குப் பிறகு ஈரோடு வரை பெரும்பாலும் இறக்கம். மாசியில் வந்தால் களங்களில் மஞ்சள் வேக வைக்கும் ஆவி ரோட்டுக்கு வரும். சீட்டில் உட்கார்ந்து காலைச் சும்மா வைத்துக்கொண்டே அந்த வாசத்துக்குள் இறங்கலாம். மணி பத்தரைக்குள் வீட்டில் இருப்பேன்.