பிளஸ் ஒன்னில் நான்காவது பாடம்: கணினி அறிவியலா, உயிரியலா?

பத்தாம் வகுப்பு முடிந்து மாநிலப் பாடத்திட்டத்தில் அறிவியல் பிரிவுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. நான்காவதாகக் கணினி அறிவியலை எடுப்பதா, உயிரியலை எடுப்பதா என்பதில்தான் வீடுகளில் பேச்சு நீள்கிறது. எங்கள் மகள் கணினி அறிவியலை எடுத்தாள். அதே ஆண்டில் என் நாத்தனார் மகன் உயிரியலை எடுத்தான். இரண்டு ஆண்டுகள் மகளின் பாடநூல்களோடு நானும் உட்கார்ந்தேன் என்பதால், ஒன்றைப் பற்றி அருகிலிருந்தும் மற்றொன்றைப் பற்றிச் சற்றுத் தள்ளி நின்றும்தான் என்னால் எழுத முடியும். என் சாய்வு கணினி அறிவியலின் பக்கம். ஆனால் அந்தச் சாய்வு ஒரே ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது.

அந்த நிபந்தனைக்கு வருமுன் ஒன்று: மருத்துவ ஆசை சிறிதளவேனும் இருந்தால் உயிரியலை எடுத்துவிடுவதே நல்லது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு உரியது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது உண்மைதான். அதை நம்பி இப்போது பாடத்தை விட்டுவைப்பது வீண் சுமை.

அடுத்ததாக, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் குரூப்தான் எடுக்க வேண்டும் என்ற பரவலான நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப், கணிதத்தின் 100, இயற்பியலின் 50, வேதியியலின் 50 ஆகியவற்றால் மட்டுமே ஆனது. இருவர் ஒரே கட்-ஆஃப் பெற்றால், கணித மதிப்பெண்ணையும் இயற்பியல் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, அதிலும் தீராதபோதுதான் நான்காவது பாடத்தின் பக்கம் திரும்புவார்கள். உயிரியல் படித்த மாணவரும் கணினிப் பொறியியலில் எந்தத் தடையுமின்றிச் சேரலாம். கல்லூரியும் நிரலாக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே கற்றுக்கொடுக்கிறது. எனவே சேர்க்கைக்காக என்று கணினி அறிவியலை எடுப்பதில் பொருளில்லை. சென்டம் வாங்கலாம் என்பதற்காக எடுப்பதும் அப்படித்தான், அந்த சென்டம் கட்-ஆஃபில் ஏறாது.

பிறகு எதற்காக எடுப்பது? பாடத்துக்காகத்தான். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலைப் பற்றி வெளியே நிலவும் எண்ணத்தை விட அது பல மடங்கு நல்ல நூல். தொடக்கத்தில் வரும் எண்முறைகளும் விண்டோஸ், உபுண்டு என்ற இயங்குதளங்களைப் பற்றிய பாடங்களும் மனப்பாடத்துக்கு இழுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு, நிரல்மொழி எதையும் தொடாமல், சிக்கலைத் தீர்க்கும் நெறிமுறையைப் பற்றி மட்டும் பேசும் அத்தியாயங்கள் வருகின்றன. ஆடு, புல்கட்டு, ஓநாய் மூன்றையும் ஒரு விவசாயி ஆற்றைக் கடத்தும் பழைய புதிரை, எந்த நிலையில் எது எந்தக் கரையில் இருக்கிறது என்று மாறிகளால் எழுதிக் காட்டுகிறார்கள். வெவ்வேறு நிறமுள்ள இரண்டு பச்சோந்திகள் சந்தித்தால் இரண்டும் மூன்றாவது நிறத்துக்கு மாறும் என்றொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் எது மாறாமல் நிற்கிறது என்று தேடுவதுதான் அங்கே பாடம். அதைப் புரிந்துகொண்ட பிள்ளை, ஒரு மடக்கு (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) சரியாக ஓடுகிறதா என்று ஊகிப்பதை விட்டுவிட்டுக் காரணம் சொல்லத் தொடங்கும். அதே நூலில் சி++ மொழியும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும், தரவுத்தளங்களைக் கையாளும் எஸ்க்யூஎல்லும் வருகின்றன. ஆண்டுக்கு ஒரு மொழி என்று மாற்றுவது தேவையா என்று எனக்கு இன்னும் ஐயம் உண்டு. சிபிஎஸ்இ இரண்டு ஆண்டுகளும் பைத்தானையே வைத்திருக்கிறது; செய்முறைக்கும் அங்கே 30 மதிப்பெண்.

நம் பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. நான் முன்னே சொன்ன நிபந்தனை இந்த 20 மதிப்பெண்ணைச் சுற்றியே இருக்கிறது: பள்ளியில் லேப் பீரியட் உண்மையிலேயே நடக்க வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்குரிய நிரல்கள் பாடநூலிலேயே விடையோடு அச்சாகியிருப்பதால், கணினியைத் தொடாமலே அவற்றை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி, வெளியீட்டையும் சேர்த்து மனப்பாடம் செய்து, முழு மதிப்பெண்ணுக்கு அருகில் போய்விட முடியும். கட்-ஆஃபில் சேராத பாடம் என்பதால் அதன் லேப் பீரியடைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் இருக்கின்றன; எங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்பு முடியும் வரை பிள்ளைகள் லேப் வாசலோடு சரி. அப்படிப் படித்தவருக்கு இந்தப் பாடத்தால் கிடைப்பது மிகக் குறைவு.

காகிதத்தில் எழுதும்போது எதிர்ப்படாத ஒன்று கணினியில் எதிர்ப்படுகிறது என்பதை ஒரு சிறு நிரலே காட்டிவிடும். 70, 75, 78 என்ற மூன்று மதிப்பெண்களின் சராசரியைக் காண மகள் சி++இல் எழுதினாள். கூட்டுத்தொகை 223, மூன்றால் வகுத்தால் 74.33 வர வேண்டும்; திரையில் 74 என்று மட்டும் வந்தது. நிரலில் பிழைச்செய்தி எதுவும் இல்லை. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி++ பின்னத்தை வெட்டிவிடும் என்ற வரி அவள் புத்தகத்தில் இருந்தது, அதை அடிக்கோடும் இட்டிருந்தாள். ஆயினும் திரையில் 74ஐப் பார்த்த பிறகுதான் முழு எண்ணா, பின்னமா என்று குறிக்கும் தரவு வகை என்பது எதற்காக இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டது. அடுத்த ஆண்டு பைத்தானில் அதே கணக்கு 74.33 என்று வந்தபோது இரண்டு மொழிகளின் வேறுபாட்டையும் அவளே விளக்கினாள். சி++இல் கட்டளையின் முடிவில் இட வேண்டிய அரைப்புள்ளியை ஒரு வரியில் விட்டுவிட்டால் பிழைச்செய்தி பெரும்பாலும் அடுத்த வரியைச் சுட்டும் என்பதும் இப்படித் தெரிந்துகொள்வதுதான். பிழைச்செய்தியைக் கண்டு மிரளாமல், அது சுட்டும் இடத்துக்கு முந்தைய வரியையும் பார்க்கும் பழக்கம், கல்லூரி முதலாண்டில் நிரலாக்கம் வேகமெடுக்கும்போது நன்றாகவே கைகொடுக்கிறது.

உயிரியல் இந்த அளவுக்கு ஆய்வகத்தைச் சார்ந்து நிற்கவில்லை என்பது என் கணிப்பு. நாத்தனார் மகனுக்கும் செய்முறை இருந்தது, ஸ்லைடுகளும் மாதிரிகளும் பார்த்தான். ஆனால் தாவரவியல், விலங்கியல் என்ற இரண்டு நூல்களையும் கவனமாகப் படித்து, படங்களை வரைந்து பழகியே பாடத்தின் பெரும்பகுதியை அவனால் உள்வாங்கிக்கொள்ள முடிந்தது. நல்ல உயிரியல் ஆசிரியர் வாய்த்தவர்கள் இதை மறுக்கக்கூடும்; ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்வதால் நான் அழுத்திச் சொல்லவில்லை. படிப்பின் சுமை உயிரியலில் கூடுதல் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. அந்த வேறுபாட்டால் மிஞ்சும் நேரம் கணிதத்துக்குப் போகும் என்று கம்ப்யூட்டர் குரூப்புக்காகச் சிலர் வாதிடுவார்கள். எங்கள் வீட்டில் அது கணிதத்துக்கும் போனது, கைபேசிக்கும் போனது.

ஆகவே சேர்க்கைக்குப் போகும்போது, வாரத்துக்கு எத்தனை லேப் பீரியட், ஒரு கணினிக்கு எத்தனை பேர், திருப்புதல் தேர்வு நெருங்கும்போதும் அது நடக்குமா என்ற மூன்றையும் அலுவலகத்தில் கேட்பதோடு நிற்காமல், அங்கே பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவரிடமும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்து, வீட்டிலும் கணினி இல்லையென்றால், உயிரியலை எடுக்கலாம். கணினிப் பொறியியலுக்கான வழி அப்போதும் திறந்தே இருக்கும். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தால் நிலைமை வேறு. பாடநூல் பயன்படுத்தும் டெவ் சி++ மென்பொருளும் பைத்தானும் இலவசம், இரண்டுமே பெரிய இயந்திரம் கேட்பவை அல்ல. கைபேசியிலும் பைத்தான் ஓடும். ஆனால் அந்தச் சின்ன விசைப்பலகையில் ஒவ்வொரு வரிக்கும் இடைவெளி சரிபார்த்துத் தட்டச்சுவதில் பத்து வரிக்குள் பொறுமை போய்விடும்.