டிஜோனா, பர்கண்டியா: எந்தக் காசிஸை எடுப்பது?

பிளாக்கரண்ட் பழத்தைத் திராட்சை என்று நினைத்து வாயில் போட்டால் முகம் சுளித்துப்போகும். அவ்வளவு புளிப்பு. இலையைக் கசக்கினாலோ, அந்தக் காட்டமான வாசனை விரலில் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பழத்தில் செய்யும் பிரெஞ்சு இனிப்பு மதுதான் (லிக்கர்) காசிஸ். அந்தப் புளிப்பும் காட்டமும் சர்க்கரைக்குள் அமுங்கிப்போகாத காசிஸ்தான் நல்ல காசிஸ்.

'கிரெம் த காசிஸ்' என்ற பெயரைப் பார்த்துப் பாலாடை இருக்குமென்று எண்ண வேண்டாம். அந்தப் பெயர் உறுதிசெய்வது இனிப்பைத்தான். ஐரோப்பிய விதிப்படி, பொதுவாக லிக்கர் வகைக்கு லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போதும். கிரெம் த காசிஸுக்கோ குறைந்தது 400 கிராம் வேண்டும்.

டிஜோன், பர்கண்டி என்ற இரண்டு பெயர்களில்தான் பலரும் குழம்புகிறார்கள். டிஜோன் நகரம் பிரான்சின் பர்கண்டிப் பகுதிக்குத் தலைநகராக இருந்ததால் இரண்டும் ஒன்றென்றே தோன்றும். 'காசிஸ் த டிஜோன்' என்பது தயாரிக்கப்படும் ஊரைச் சொல்கிறது. பழம் வேறெங்கிருந்தும் வரலாம். 'கிரெம் த காசிஸ் த பூர்கோஞ்' (பூர்கோஞ் என்பது பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்) என்றால் பழமே பர்கண்டியில் விளைந்திருக்க வேண்டும். அங்கே கொண்டாடப்படும் ரகம் 'நுவார் த பூர்கோஞ்': சிறிய காய்ப்பு, ஆனால் வாசனையில் அதை மிஞ்ச ஆளில்லை. பெயரை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் கை பர்கண்டிப் பக்கம்தான் போகும். டிஜோன்காரர்களிலும் அருமையாகச் செய்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே தயாரிப்பாளரை அறிந்து வாங்க வேண்டும்.

அடுத்தது ஆல்கஹால் அளவு. 15 சதவீதம், 20 சதவீதம் என இரண்டும் கிடைக்கும். இந்த எண் ஒருமுறை நீதிமன்றம்வரை போனது. பழ லிக்கருக்குக் குறைந்தது 25 சதவீதம் வேண்டும் என்று ஜெர்மனி காசிஸைத் தடுக்க, ஐரோப்பிய நீதிமன்றம் 1979இல் அந்தத் தடை செல்லாது என்றது. சுவையில் நான் 20 பக்கம்: நாக்கில் பாகாகத் தங்காமல், புளிப்போடு இறங்குகிறது.

டிஜோன் மேயராக இருந்த பெலிக்ஸ் கீரின் பெயரைத் தாங்கிய 'கீர்' கலப்புக்கும் இந்த 20 சதவீதக் காசிஸே பொருந்தும். முதலில் கோப்பையின் அடியில் கொஞ்சம் காசிஸ், அதன்மேல் குளிர்ந்த அலிகோத்தே வெள்ளை ஒயின். ஊற்றும்போதே கருஞ்சிவப்பு சுழன்று மேலேறும். காசிஸ் அதிகமானால் ஒயினின் கூர்மை மழுங்கிவிடும்.

எதை வாங்கினாலும் சிறிய பாட்டிலாக வாங்குங்கள். திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சில மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும். நிறம் பழுப்பேறத் தொடங்கினால் பழ வாசனையும் விடைபெற்றிருக்கும்.