ஜப்பானிலிருந்து ஸ்கைலைன் இறக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஒன்ராறியோவில் இருந்துகொண்டு பழைய ஸ்கைலைன், சுப்ரா, ஆர்எக்ஸ்-7 போன்ற ஜப்பானிய விளையாட்டுக் கார்களைத் தேடித் திரியும் எங்கள் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். 1993ஆம் ஆண்டில் செய்த நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் ஒன்றுக்கு முழுப் பணமும் கட்டினேன். வந்து சேர்ந்தது, முன்பக்கம் அடிபட்டு ஒட்டவைத்த வண்டி. விற்றவரும் தமிழர்தான். "தம்பி, எங்கட பெடியளுக்குப் பொய் சொல்லி வித்துப்போட்டு நான் இந்த ஊரில இருக்க ஏலுமே?" என்று கேட்டவர். முறைப்பாடு போயிருப்பதால் பெயர் எழுதவில்லை.

அவர் எனக்குக் காட்டியது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். ஏலத் தரம் 4 (நல்ல நிலை), ஓடியது 61,000 கிலோமீற்றர், விபத்து இல்லை. மூல ஒக்ஷன் ஷீற்றைக் கேட்டதற்கு, "அது முழுக்க ஜப்பானிய எழுத்து, உமக்கு விளங்காது, நான் மொழிபெயர்த்துத் தந்ததுதானே இது" என்றார். இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. ஒக்ஷன் ஷீற் என்பது ஏல நிறுவனத்தின் பரிசோதகர் வண்டியைப் பார்த்துக் கையால் நிரப்பும் தாள். காரின் வரைபடத்தில் கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, தட்டிச் சரிசெய்த இடத்துக்கு டபிள்யூ, மாற்றிய பாகத்துக்கு இரண்டு எக்ஸ் என்று குறித்திருப்பார். அதில் உள்ள ஒரு வரியை விட்டுவிட்டு மீதியை மட்டும் மொழிபெயர்த்தால், அது வேறு வண்டியின் தாள் மாதிரி ஆகிவிடும்.

வண்டியோடு வந்த கடதாசிகளில் ஜப்பான் அரசின் ஏற்றுமதிச் சான்றிதழும் இருந்தது. கூட வேலை செய்யும் ஜப்பானிய நண்பர் அதை வாசித்தார். கடைசி அரசுப் பரிசோதனையின்போது பதிவான தூரம் 1,38,000 கிலோமீற்றர். பிறகு வண்டியில் குத்தியிருக்கும் அடையாள எண்ணான செஸி இலக்கத்தைக் கொடுத்து, ஏலப் பதிவுகளைத் தேடித் தரும் ஒரு சேவை மூலம் மூலத் தாளையும் எடுத்தோம். தரம் என்ற கட்டத்தில் ஆர் என்று இருந்தது. விபத்துக்குப் பிறகு சட்டகம் திருத்தப்பட்ட வண்டி என்று அர்த்தம். கீழே, மீற்றர் மாற்றப்பட்டது, உண்மைத் தூரம் தெரியாது என்ற குறிப்பு.

மீற்றர் மாற்றுவதில் தவறில்லை. ஜப்பானில் விற்ற இந்தக் கார்களின் வேக மீற்றர் மணிக்கு 180 கிலோமீற்றரில் முடிந்துவிடும். அதற்கு மேல் காட்டும், நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோவின் மீற்றரைப் பலர் பூட்டினார்கள். அதில் ஓடிய தூரம் பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஏல நிறுவனம் அதை நேர்மையாக எழுதியிருந்தது. மறைத்தவர் இங்கே இருக்கும் விற்பனையாளர்.

பொனற், முன் மட்கார்ட் போன்ற கழற்றிப் பூட்டும் பாகங்களை மாற்றினால் ஜப்பானில் அது விபத்துத் திருத்தமாகக் கணக்கில் வராது. பக்கச் சட்டங்கள், தூண்கள், தரை போன்றவற்றில் கை வைத்திருந்தால்தான் அப்படி எழுதுவார்கள். என் வண்டியின் முன் வலப்பக்கச் சட்டத்தில் பழைய வெல்டிங், அதன்மேல் புதிய கறுப்புப் பூச்சு.

எஞ்சின் கதை இன்னும் வேதனையானது. இந்த வண்டியின் ஆர்பி26 எஞ்சினை நிசான் பொறியியலாளர் நாகனோரி இட்டோ தலைமையிலான அணி பந்தயத்துக்காகவே கணக்குப் போட்டுச் செய்தது. 2,568 சிசி என்ற விசித்திரமான அளவுக்குக் காரணம், குரூப் ஏ என்ற பந்தயப் பிரிவின் விதிப்படி, டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் கருவி) பூட்டிய எஞ்சினின் அளவை 1.7ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 4,366, அதாவது 4,500 சிசி வகுப்புக்குள் நிற்கும். 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் போட்டியில் ஓடிய 29 பந்தயங்களிலும் இந்தக் கார்தான் வென்றது. அவுஸ்திரேலியாவின் 1991, 1992 பாதர்ஸ்ற் பந்தயங்களும் அதற்கே. வண்டியை "கொட்ஸில்லா" என்று அழைத்தது அவுஸ்திரேலியப் பத்திரிகைதான். சின்ன வயதிலிருந்து இதைக் கனவு கண்டவன் நான்.

அந்த எஞ்சினில் இரண்டு டர்போவின் வெளியேற்றுச் சக்கரங்களும் செராமிக்கால் ஆனவை. தொழிற்சாலை வைத்த பூஸ்ற் (டர்போ அமுக்கும் காற்றழுத்தம்) அளவில் ஓடினால் பிரச்சினை இல்லை. பூஸ்ற்றைக் கூட்டினால் சக்கரம் தண்டிலிருந்து பிய்ந்து போகும். என் வண்டியில் பின் டர்போவின் சக்கரமே இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறது, சத்தம் போடுகிறது, முற்றத்தைச் சுற்றிக் காட்டினால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. கழற்றிப் பார்த்த மெக்கானிக் முன் டர்போவையும் மாற்றச் சொன்னார். ஆரம்பகால எஞ்சின்களில் ஒயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் (எஞ்சினின் பிரதான தண்டு) முனையும் குட்டையானது. அதிக சுழற்சியில் பம்பை உடைக்கும். அதையும் பார்க்க வேண்டும் என்றார். உண்மையான தூரம் தெரிந்திருந்தால் இந்த வண்டிக்கு அந்த விலை யாரும் கேட்டிருக்க முடியாது.

இது ஏன் இப்போது கூடிவிட்டது? கனடாவில் 15 வருடம் கடந்த காரை இறக்கலாம், அமெரிக்காவில் 25 வருடம். 2014இல் ஆர்32 அந்த 25 வருடத்தைத் தொட்டு அமெரிக்கக் கதவைத் தாண்டியதும் அந்தப் பணமும் அதே ஏலங்களுக்குள் வந்தது. மொத்தம் செய்ததே ஏறத்தாழ 44,000 ஜிடி-ஆர். நல்லவை விலை ஏறிப் போக, அடிபட்டவற்றை மலிவாக எடுத்து மினுக்கி விற்பது தொழிலாகிவிட்டது. ஸ்கைலைனின் சாதாரண வகையான ஜிடிஎஸ்-டி வண்டிக்கு ஜிடி-ஆர் உடுப்புப் போட்டு விற்பவர்களும் உண்டு. பொனற்றைத் திறந்து பின்சுவரில் குத்தியிருக்கும் செஸி இலக்கத்தைப் பாருங்கள்: பிஎன்ஆர்32 என்று தொடங்கினால்தான் ஜிடி-ஆர், எச்சிஆர்32 என்றால் ஜிடிஎஸ்-டி.

இன்னொரு விஷயம். ஒன்ராறியோவில் பதிவு பெற்ற விற்பனையாளர், மீற்றர் திருகியிருந்தாலோ விபத்துத் திருத்தம் 3,000 டொலரைத் தாண்டியிருந்தாலோ எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் விற்றவர் பதிவே இல்லாமல், தனி ஆள் விற்பதுபோல் காட்டி விற்றிருக்கிறார். அதனால் இழப்பீட்டு நிதியும் எனக்குக் கிடையாது. பணம் கொடுக்கும் முன், ஒன்ராறியோவில் வாகன விற்பனையாளரைப் பதிவு செய்யும் அமைப்பான ஒம்விக்கின் தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இலங்கையில் விட்ஸ், அக்குவா எடுக்கும் சொந்தக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள். அங்கே போவதும் அதே ஏலங்களிலிருந்துதான். மூலத் தாளின் முழுப் படம், ஏற்றுமதிச் சான்றிதழின் படம், இரண்டும் கைக்கு வராமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். வாசிக்கத் தெரியாவிட்டால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுங்கள். எனக்கு அனுப்பினாலும் நண்பரிடம் வாசிக்கக் கொடுத்துச் சொல்கிறேன், காசு ஒன்றும் வேண்டாம்.