ஒரே பேனாவா, ஆளுக்கொரு பேனாவா?

கென்யாவின் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகளில் வெட்டும் ரோஜா, குளிர்பெட்டியில் நைரோபி விமான நிலையம் போய், ஓரிரு நாளில் நெதர்லாந்தின் ஏலக்கூடத்தில் இருக்கும். 2014 அக்டோபர் 1 முதல் அந்தப் பூவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 8.5 விழுக்காடு வரை சுங்கவரி போட்டது. பூவில் குறையில்லை. கென்யா அங்கம் வகித்த ஐந்து நாட்டுக் கூட்டமைப்பு, ஐரோப்பாவோடு வணிக ஒப்பந்தப் பேச்சை முடிக்க வேண்டிய கெடுவைத் தவறவிட்டது, அவ்வளவுதான்.

நாடுகள் சேர்ந்து பேசினால் பலம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சேர்ந்தபின் கையெழுத்துப் போடும் பேனா யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறுகிறது. மூன்று கூட்டமைப்புகளை வைத்துப் பார்ப்போம்.

ஐரோப்பிய ஒன்றியம் பேனாவை ஒரே கையில் கொடுத்துவிட்டது. 1968 முதல் வெளிச்சரக்குக்கு ஒரே சுங்கப் பட்டியல். ஹாம்பர்க்கில் இறக்கினாலும் ஜெனோவாவில் இறக்கினாலும் அதே வரி. ஆகவே ஜெர்மனி தனியாகப் போய் வரிக் குறைப்பு பேச முடியாது. குறைக்க அதன் கையில் வரியே இல்லை. அமைச்சர்களின் கவுன்சில் வரம்பு எழுதிக் கொடுக்கும், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையம் போய்ப் பேசும், கடைசியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டுச் சந்தையில் “வீட்ல அண்ணனைக் கேட்கணும்” என்று நிற்பவரிடம் லேசில் விலை படியாது. ஆணையத்தின் ஆளுக்கு அப்படி 27 அண்ணன்கள். அவர் அதைச் சொன்னால் பொய்யும் இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலை காலம். கனடாவோடு 2009-ல் தொடங்கிய பேச்சு, 2016 அக்டோபரில் கையெழுத்துக்கு வந்த நேரத்தில் பெல்ஜியத்தின் வலோனியா மாநிலம் முடியாது என்றது. சுமார் 36 லட்சம் மக்கள் வாழும் ஒரு மாநிலத்துக்காக 50 கோடிக்கும் அதிகமான மக்களின் ஒப்பந்தம் சில நாட்கள் அந்தரத்தில் தொங்கியது. விளக்கங்கள் எழுதிச் சேர்த்த பிறகே கையெழுத்தானது. எனக்கு இது குறையாகப் படவில்லை. விவசாயிகளைப் பற்றியும், அரசுகள் மேல் முதலீட்டாளர்கள் போடும் வழக்குகளைப் பற்றியும் வலோனியா கேட்ட கேள்விகள் கேட்கப்பட வேண்டியவைதான்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் நேர் எதிர். பொதுச் சுங்கப் பட்டியல் கிடையாது, ஆளுக்கொரு பேனா. சிங்கப்பூரில் இறக்குமதி வரி ஏறக்குறைய இல்லை. பக்கத்து நாடுகளுக்கோ அரிசியையும் காரையும் காக்க வேண்டிய கவலை. 2007-ல் ஐரோப்பா ஆசியானோடு மொத்தமாகப் பேச வந்தது. மியான்மரின் ராணுவ ஆட்சி ஒரு முட்டுக்கட்டை, உறுப்பு நாடுகளுக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வு இன்னொன்று. 2009-ல் பேச்சு நின்றது. அப்புறம் ஐரோப்பா ஒவ்வொருவராக அழைத்துப் பேச ஆரம்பித்தது. சிங்கப்பூர் ஒப்பந்தம் 2019-லும் வியட்நாம் ஒப்பந்தம் 2020-லும் அமலுக்கு வந்தன.

ஆனால் இந்தத் தளர்வான கட்டுதான், சீனாவையும் ஜப்பானையும் ஒரே மேசையில் உட்காரவைத்து 2020 நவம்பரில் 15 நாடுகளின் ஆர்செப் (RCEP) வணிக ஒப்பந்தத்தை முடித்தது. எல்லோரையும் அழைத்து உட்காரவைக்க ஆசியான் மாதிரி நல்லது. கேட்டு வாங்குவதற்கு அது போதாது.

2025-ல் அமெரிக்கா வரி அறிவித்தபோது இரண்டு மாதிரிகளும் ஒரே நேரத்தில் சோதனைக்கு வந்தன. ஏப்ரலில் கம்போடியாவுக்கு 49 விழுக்காடு, வியட்நாமுக்கு 46. பதிலடி தர மாட்டோம் என்று ஆசியான் சேர்ந்து சொன்னது. பேரத்துக்குத் தனித்தனியே போனார்கள். ஆகஸ்டில் வியட்நாமுக்கு 20, இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, கம்போடியாவுக்கு 19 என்று வந்து நின்றது. கேட்க ஆளில்லாத லாவோசுக்கும் மியான்மருக்கும் 40. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 15. ஒரே பேனாவின் வெற்றி என்று இதைச் சொல்லத் தோன்றும். ஆனால் தனியாகப் போன ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் அதே 15 கிடைத்ததே! 9,300 கோடி யூரோ மதிப்புள்ள பதிலடிப் பட்டியலைக் கையில் வைத்திருந்தும் ஐரோப்பா அதைப் பயன்படுத்தவில்லை. ஜெர்மனிக்குக் காரைப் பற்றி பயம், பிரான்சுக்கு ஒயின், அயர்லாந்துக்கு மருந்து. பேனா ஒன்றானாலும் பயம் ஒன்றாகவில்லை.

அதனால்தான் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் கதையை முக்கியமாக நினைக்கிறேன். கென்யா, தான்சானியா, உகாண்டா மூன்றும் 2005-ல் சுங்க ஒன்றியம் அமைத்தன, ஐரோப்பாவைப் போலவே; ருவாண்டாவும் புருண்டியும் 2009-ல் அதில் சேர்ந்தன. ஆனால் கென்யா தவிர மற்ற நான்கும் மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளின் பட்டியலில் இருப்பவை. ஆயுதம் தவிர எதையும் அவை ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்பலாம். (திருப்பூர்க்காரர்களுக்கு இந்தச் சலுகை நன்றாகத் தெரியும். வங்கதேசத்துச் சட்டை இதே சலுகையில் வரியின்றி உள்ளே போக, நம் சட்டைக்குப் பல ஆண்டுகள் வரி இருந்தது.) பேச்சு முறிந்தால் தான்சானியாவுக்கு இழப்பில்லை, கையெழுத்திட்டால் அதன் இளம் ஆலைகள் ஐரோப்பியச் சரக்கோடு மோத வேண்டும். அது ஏன் அவசரப்படும்? தவித்தது கென்யா மட்டும்தான்.

2014 அக்டோபரில் வரைவு முடிந்ததும் டிசம்பர் கடைசியில் ரோஜாவுக்கான வரி நீங்கியது. 2016-ல் கென்யாவும் ருவாண்டாவும் கையெழுத்திட்டன, தான்சானியா மறுத்தது. 2021-ல், விரும்புகிறவர்கள் முன்னே போகலாம் என்று தலைவர்கள் வழிவிட்டார்கள். கென்யா தனியே பேசி 2023 டிசம்பரில் கையெழுத்திட, 2024 ஜூலை 1-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது.

மற்ற நாடுகள் பின்னால் சேரவும் அதில் இடம் இருக்கிறது. தான்சானியா வளர்ந்து அந்தப் பட்டியலை விட்டு வெளியேறும் நாளில் அதற்கும் ஒப்பந்தம் தேவைப்படும். ஐந்து பேராகச் சேர்ந்து வாங்கியிருக்கக்கூடியதை அன்று கேட்க முடியாது. கென்யா தனியாளாக நின்று பேசி எழுதிய வாசகம்தான் மேசையில் இருக்கும்.