5 வயதுவரை கட்டணமில்லை: அரசுப் பேருந்துச் சலுகை எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் 5 வயதுவரை உள்ள குழந்தைகளுக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டியதில்லை. முன்பு இந்த வரம்பு 3 வயதாக இருந்தது. அதற்கு மேல் 12 வயதுவரை அரைக் கட்டணம் வாங்கினார்கள். 2022 மே மாதம் சட்டப்பேரவையில் போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் எஸ்.எஸ். சிவசங்கர் வரம்பை உயர்த்தி அறிவித்தார். சிறு குழந்தையோடு அரசுப் பேருந்தையே நம்பிப் போய் வருகிறவன் என்ற முறையில் என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டண விஷயத்தில் இது நல்ல சலுகை, குழந்தை எங்கே உட்காரும், எப்படி ஏறி இறங்கும் என்ற கேள்விகளை அது தொடவே இல்லை.

கூடியது இரண்டே ஆண்டுகள்தான் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்த இரண்டு ஆண்டுகள்தான் எந்தச் சலுகையிலும் சேராமல் நடுவில் நின்றவை. கைக்குழந்தைக்குச் சீட்டு இல்லை; அரசுப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டால் மாணவர்களுக்கான கட்டணமில்லாப் பயண அட்டை கிடைக்கும்; அங்கன்வாடிக்கும் எல்.கே.ஜி.க்கும் போகிற வயதில் மட்டும் அரை டிக்கெட். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது இந்த முரண் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது: விதியின்படி பார்த்தால், தாய்க்குக் கட்டணம் கிடையாது, அவர் இடுப்பில் உட்கார்ந்திருக்கும் நான்கு வயது மகனுக்கு மட்டும் உண்டு! ஓராண்டு கழித்தாவது அது சரி செய்யப்பட்டதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

பணக் கணக்கில் இந்தச் சலுகையின் பலன் நகரப் பேருந்தைவிட, ஊர்விட்டு ஊர் போகும் புறநகர்ப் பேருந்துகளில்தான் அதிகம். ‘விடியல் பயணம்’ எனப்படும் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் அங்கே செல்லாது என்பதால், குடும்பத்தோடு சொந்த ஊருக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ புறப்படுகிறவர்கள் பெரியவர்கள் எல்லோருக்கும் சீட்டு எடுத்தாக வேண்டும். 2018இல் திருத்தப்பட்ட கட்டணப்படி சாதாரணப் புறநகர்ப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 58 காசு. 100 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு குழந்தையின் அரைக் கட்டணம் 29 ரூபாய், போக வர 58 ரூபாய். அந்த வயதில் இரண்டு குழந்தைகள் இருந்தால் அதன் இரு மடங்கு. மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிய தொகையாகத் தெரியாமல் இருக்கலாம். தினக்கூலிக்குப் போகிற வீட்டில், ஊருக்குப் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வதே இந்த மாதிரித் தொகைகள்தான். நகரப் பேருந்தில் பலன் பெறுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தையோடு வரும் தந்தையரும் தாத்தாக்களும்; அவர்களுக்குத் தங்கள் சீட்டோடு செலவு முடிந்துவிடுகிறது.

நடத்துநரோடு நடக்கும் வயது வழக்கும் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கும் மூன்றரை வயதுக் குழந்தைக்கும் பார்வையில் வேறுபாடு தெரியாது. அதனால் பழைய வரம்பு சச்சரவுக்கென்றே வைத்தது போல இருந்தது. “ரெண்டரை வயசுதான் ஆகுது” என்று அம்மா சொல்லி வாய் மூடுவதற்குள், “இல்ல, எனக்கு நாலு வயசு” என்று பிள்ளை பெருமையாக அறிவித்து, பேருந்தே சிரித்த கதை பல குடும்பங்களில் உண்டு. 5 வயது என்பது பள்ளிச் சேர்க்கையோடு ஒட்டிய எல்லை. ரயிலிலும் தனிப் படுக்கை கேட்காவிட்டால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை என்பதால் நினைவில் வைத்துக்கொள்வதும் எளிது. மெட்ரோ ரயிலில் செய்வது போல உயரத்தை அளந்து முடிவு செய்யாமல் வயதையே வைத்துக்கொண்டதும் நல்லதுதான். வளர்த்தியான குழந்தையைப் பெற்றவர்கள் அதற்காகத் தண்டம் கட்ட வேண்டியதில்லை. வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளை என்றால் ஆதார் அட்டையின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்வது பேச்சை வளர்க்காமல் முடிக்க உதவும்.

இனி குறைக்கு வருவோம். சீட்டு இல்லாத குழந்தைக்கு இருக்கை உரிமையும் இல்லை. அரை மணி நேர நகரப் பயணத்தில் இது ஒரு பொருட்டல்ல. மடியில் வைத்துக்கொள்ளலாம், கூட்டம் குறைந்தால் பக்கத்தில் உட்கார வைக்கலாம். சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ இரவு முழுவதும் போகும்போது, ஏறக்குறைய 16 கிலோ எடையுள்ள நாலரை வயதுப் பிள்ளையை மடியிலேயே தூங்க வைத்துக்கொண்டு வருவது பெரியவருக்கும் தண்டனை, குழந்தைக்கும் தண்டனை. திடீரென்று பிரேக் பிடித்தால் இருவருக்கும் ஆபத்து. இப்படிப்பட்ட பயணத்துக்கு என் பரிந்துரை, சலுகையை மறந்துவிட்டுக் குழந்தைக்கும் கட்டணம் கொடுத்து இருக்கை எடுத்துக்கொள்வதே. கட்டணம் வாங்காத நிர்வாகம், குழந்தையோடு வருகிறவர்களுக்கென்று முன்புறம் ஓர் இருக்கையையாவது ஒதுக்கி, அதில் எழுதியும் வைத்தால் நகரப் பேருந்துகளில் நிலைமை மேம்படும். இப்போது எல்லாம் பக்கத்தில் இருப்பவரின் மனத்தைப் பொறுத்திருக்கிறது. நம் ஊரில் அந்த மனத்துக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை என்பது உண்மை. அதற்காகப் பயணிகளின் நல்ல குணத்தையே ஏற்பாடாக வைத்துக்கொள்ள முடியுமா?

படிகள் இன்னொரு தொல்லை. பழைய வகைப் பேருந்தின் முதல் படி நான்கு வயதுக் குழந்தையின் இடுப்புக்கு வருகிறது. ஒரு கையில் பை, மறு கையில் குழந்தை என்று வருகிறவர் கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். உள்தளம் சாலையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்திலேயே உள்ள தாழ்தளப் பேருந்துகளை 2024 ஆகஸ்ட் முதல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓட்டத் தொடங்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நெடுங்காலம் வழக்காடிப் பெற்ற வசதி அது. குழந்தைகளோடு வருகிறவர்களும் அதன் பயனை அனுபவிக்கிறோம். அந்தப் பேருந்தில் குழந்தை தானே ஏறிவிடுகிறது. வெளியூர்களில் பெரும்பாலும் இன்னும் தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்த அறிவிப்பு அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கானது. கோவை, திருப்பூர், தஞ்சாவூர் போன்ற பகுதிகளில் ஒரே தடத்தில் தனியார் பேருந்துகளும் அடுத்தடுத்து வருகின்றன. கிராமங்களுக்குப் போகும் மினி பேருந்துகளும் தனியாருடையவை. அவற்றில் ஏறும்போது குழந்தைக்குக் கட்டணம் உண்டா என்பதை வண்டி கிளம்புவதற்கு முன்பே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அரசுப் பேருந்து விதியைச் சொல்லி அங்கே வாதாடிப் பயனில்லை.