கிரான் டூரிஸ்மோ 7: பிடித்த காரை எடுத்தால் ஜெயிக்க விடுமா?

2022 மார்ச்சில் வெளிவந்தபோதே, பிளேஸ்டேஷன் கார் பந்தய கேமான கிரான் டூரிஸ்மோ 7-ல் நானூறுக்கும் மேல் கார்கள் இருந்தன. அப்டேட்டுக்கு அப்டேட் இன்னும் சேர்ந்துகொண்டே வருகின்றன. கிராபிக்ஸ், எஞ்சின் சத்தம், மழையில் ரோடு நனைவது பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் ஈரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவன். கார் எந்தப் பக்கம் இழுக்கிறது, டயர் எங்கே தேய்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்த கேமிடம் எனக்கு ஒரே கேள்வி: இத்தனை காரைக் கொடுத்திருக்கிறார்களே, எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போனால் போட்டியில் நிற்க முடியுமா? இல்லை, எல்லாரும் எடுக்கிற அந்த ஒரு காரைத்தான் நானும் எடுக்க வேண்டுமா?

பதிலை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் குரூப் 3, குரூப் 4 (பந்தயக் கார்களை கேம் பிரித்திருக்கும் வகுப்புகள்) பந்தயங்களில் பெரும்பாலும் நிற்க முடியும். தனியாக ஆடும் பகுதியில் அந்த நிம்மதி கிடைக்காது.

ஆரம்பம் அருமையாக இருக்கிறது. கையில் கொஞ்சம் காசு கொடுத்து, பழைய கார் கடைக்கு அனுப்பி, டொயோட்டா அக்வா, ஹோண்டா ஃபிட், மஸ்டா டெமியோ என்று மூன்று சின்னக் காரில் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். ஃபிட் என்றதும் புதுசாக ஏதோ என்று நினைக்க வேண்டாம், நம் ஊரில் ஜாஸ் என்று ஓடிய அதே குடும்பம்தான். வாரத்துக்கு ஒரு ஜாஸாவது என் கடைக்கு வரும். அதை ஒரு ஜப்பான் டிராக்கில் விரட்டிக்கொண்டு போவதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் வேறு. முதல் தேர்வே சாதாரண கார்களுக்குள் இருப்பதால் மூன்றில் எதை எடுத்தாலும் குறை தெரியாது. சமநிலை என்பது இப்படித்தான் இருக்க வேண்டும், வெளியே தெரியாமல்.

அப்புறம் பிபி வருகிறது. பெர்ஃபாமன்ஸ் பாயின்ட் என்பதன் சுருக்கம். கிரான் டூரிஸ்மோ 5 காலத்திலேயே இந்தத் தொடரில் இருந்த கணக்கு இது. காரின் குதிரை சக்தி, எடை, காற்று காரைக் கீழே அழுத்தும் விசை, போட்டிருக்கும் டயர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். பந்தயத்துக்கு 600 பிபி வரம்பு என்றால் அதற்குள் இருக்கும் எந்தக் காரும் வரலாம். டயரை மாற்றினாலே இந்த எண் மாறும், அது நல்ல விஷயம். சாலை டயரில் நிற்கும் கார் ஒன்று, அதே கார் ரேஸிங் சாஃப்ட் டயரில் நின்றால் வேறு ஒன்று. இது எங்கள் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அதைக் கணக்கில் சேர்த்ததற்காகவே கேமை உருவாக்கிய பாலிஃபோனி நிறுவனத்தைப் பாராட்டலாம்.

சிக்கல் எங்கே என்றால், எந்த டிராக்கில் ஓட்டப்போகிறோம் என்று அந்த ஒற்றை எண்ணுக்குத் தெரியாது. லே மான் டிராக்கில் நேர் ரோடு கிலோமீட்டர் கணக்கில் நீளும். அங்கே 700 பிபிக்கு அரை மணி நேரப் பந்தயம் ஒன்று இருக்கிறது. டயர் பிடிமானத்தைக் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் பாயின்டை எஞ்சினில் போட்டால் நேர் ரோட்டில் பறக்கலாம். வளைவு நிறைந்த டிராக்கில் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இதுவரை செய்வது டியூனிங் திறமை, நான் ரசிக்கிறேன். ஆனால் கொஞ்ச நாளில் ஆட்கள் கணக்கையே ஏமாற்ற ஆரம்பித்தார்கள். எஸ்ஆர்டி டோமஹாக் எக்ஸ் என்று ஒரு கற்பனை கார் இருக்கிறது, ராக்கெட் மாதிரி போகும். செட்டிங்கைத் தாறுமாறாக வைத்து அதையே 600 பிபிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பரிசுப் பணம் கொட்டியது. பிறகு அப்டேட்டில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். பேப்பரில் ஏழையாகவும் ரோட்டில் பணக்காரனாகவும் ஒரு காரைக் காட்ட முடிகிறவரை அந்த எண்ணை நம்பி யாரும் காரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தனி ஆட்டத்தில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பெரும்பாலான பந்தயங்கள் ஓட்டத்தில் இருக்கும்போதே தொடங்குகின்றன. நாம் கோட்டைத் தாண்டும்போது முதல் கார் ரொம்ப தூரம் போயிருக்கும். கடைசியில் இருந்து ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்தால்தான் வெற்றி. இந்த அமைப்பில் சமமான கார் எடுத்தால் தோல்விதான், சமமான காரால் அந்த இடைவெளியை மூட முடியாது. அதாவது, எதிராளிகளைவிட வேகமான காரைத்தான் எடுக்க வேண்டும் என்று கேமே நம்மைத் தள்ளுகிறது. சண்டையே இல்லாமல் முந்திக்கொண்டு போவதில் என்ன ருசி? சோனி ஏஐ பிரிவோடு சேர்ந்து உருவாக்கிய சோஃபி என்ற கணினி ஓட்டுநர் பிஎஸ்5-ல் வந்த பிறகு இது கொஞ்சம் மாறியிருக்கிறது. சோஃபி பக்கத்தில் வந்து நிற்கும், உள்பக்கம் மூக்கை நுழைக்கும், விட்டுக்கொடுக்கவும் செய்யும். அதோடு ஓட்டும்போது எதிராளியைவிட வேகமான காரைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

இனி நான் உண்மையிலேயே கொண்டாடும் பகுதி, பிஓபி. பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபாமன்ஸ். குரூப் 3, குரூப் 4 மாதிரியான பிரிவுகளில் இதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு காருக்கும் சக்தி இத்தனை சதவீதம், எடை இத்தனை சதவீதம் என்று கேமே கூட்டிக் குறைத்துக் கொடுத்துவிடும். சஸ்பென்ஷன், கியர், கேம்பர், டோ என்ற சக்கரக் கோணங்கள் எதிலும் நாம் கை வைக்க முடியாது. அலைன்மென்ட் கடைக்காரனுக்கு இது பிடிக்காது என்று நினைப்பீர்கள். எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராத்திரி கடை மூடிவிட்டு வந்து உட்காரும் மனுஷனுக்கு செட்டிங் பிடிக்க நேரம் ஏது? காரை எடு, ஓட்டு, அவ்வளவுதான்.

இது கேமுக்காகக் கண்டுபிடித்ததும் இல்லை. 2006-ல் ஜிடி3 என்ற நிஜக் கார் பந்தய வகை தொடங்கியதிலிருந்தே, வேறு வேறு கம்பெனி கார்களை ஒரே பந்தயத்தில் ஓட வைக்க நிஜத்தில் பயன்படுத்தும் முறைதான். 2023 லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்னால் டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24 கிலோ, காடிலாக்குக்கு 11 கிலோ, போர்ஷேவுக்கு 3 கிலோ என்று எடை ஏற்றினார்கள். பெரிய சர்ச்சை ஆனது. கடைசியில் ஜெயித்தது ஃபெராரி. நிஜ உலகத்திலேயே இவ்வளவு சண்டை நடக்கும் ஒரு விஷயத்தை, இத்தனை கார்களுக்கு, அதுவும் நிஜத்தில் இல்லாத கார்களுக்கும் சேர்த்துச் செய்வது லேசான வேலை இல்லை. குரூப் 3-ல் நிற்கும் மஸ்டா அட்டென்ஸாவும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் அந்த வடிவத்தில் எந்த டிராக்கிலும் ஓடியதில்லை, பாலிஃபோனி தானே வரைந்தவை. அவற்றுக்குப் பக்கத்தில் உண்மையான போர்ஷே 911 ஆர்எஸ்ஆர் நிற்கிறது. ஒரு லேப் ஓட்டிப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இல்லை. அதுதான் சாதனை.

பிஓபியே தேவைப்படாத வழியும் உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் அணி மூன்றாம் இடம் பிடித்த 992 பிரிவை நினைத்துப் பாருங்கள். அதில் எல்லாரும் ஓட்டுவது ஒரே போர்ஷே 911 ஜிடி3 கப் கார். கேமிலும் தினசரி பந்தயங்களில் சில வாரம் எல்லாருக்கும் ஒரே கார் வரும். ஓட்டுநர் யார் என்று அங்கே சுத்தமாகத் தெரிந்துவிடும். ஆனால் எல்லா வாரமும் அப்படியே இருந்தால் இந்தக் கார் மேளா எதற்கு?

சரி, பிஓபி எங்கே தடுமாறுகிறது? டயரில்.

போன மாதம் என் அக்கா மகனோடு ஒரு லாபி (நாமே அமைத்துக்கொள்ளும் ஆன்லைன் பந்தயம்) போட்டோம். சுசூகா டிராக், குரூப் 4, பிஓபி உண்டு, டயர் தேய்மானத்தை நன்றாகக் கூட்டி வைத்தோம். அவன் எடுத்தது போர்ஷே கேமன் ஜிடி4, எஞ்சின் நடுவில், தள்ளுவது பின் சக்கரம். நான் ஃபோக்ஸ்வேகன் ஸிராக்கோ, எல்லாமே முன் சக்கரம். முதல் லேப்பில் நான்தான் முன்னால். எஸ் வளைவுகளில் இடமும் வலமுமாகத் திருப்பும்போது ஸிராக்கோ தண்டவாளத்தில் போவது மாதிரி போனது. மூன்றாவது லேப்பில் முன் டயர் இரண்டின் பட்டையும் திரையில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது, பின் டயர் கிட்டத்தட்ட புதுசு. ஸ்பூன் வளைவில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. ஹெட்போனில் அவன் குரல், "மாமா, உங்க முன் டயர் செத்துருச்சு. அடுத்த ஹேர்பின்ல நான் உள்ள வந்துருவேன், வழி விட்டுருங்க." சொன்ன மாதிரியே வந்தான்.

முன் சக்கர வண்டியில் முன் டயர்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கிலும் பெரும் சுமை அதன் மேல்தான். கடைக்கு வரும் வண்டிகளில் நான் தினமும் பார்க்கும் தேய்மானம் அப்படியே கேமில் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். இயற்பியல் அந்த அளவுக்கு நேர்மையாக இருக்கிறது. ஆனால் பிஓபி தொடுவது சக்தியையும் எடையையும்தான். ஒரு லேப் நேரத்தை அது சமப்படுத்திவிடும். பத்தாவது லேப்பில் யாருடைய டயர் உயிரோடு இருக்கும், யாருக்குப் பெட்ரோல் ஒரு லேப் கூடுதலாக வரும் என்பதை இந்த இரண்டு எண்ணால் சமப்படுத்த முடியாது. அதனால்தான் குறுகிய பந்தயத்தில் பல ரகக் கார்களையும், டயர் தேயும் நீண்ட பந்தயத்தில் ஒரே காரையும் வரிசையாகப் பார்க்கிறோம்.

ஓட்டுகிறவர் கையில் கொஞ்சம் மருந்து இருக்கிறது. பிரேக் பேலன்ஸை ஓட்டும்போதே முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன் சக்கர வண்டியில் அதைப் பின்பக்கம் தள்ளிவிட்டால் முன் டயருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், வளைவுக்குள் வண்டியும் லேசாகத் திரும்பும். வளைவில் இருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதிக்காமல் மெதுவாக அழுத்த வேண்டும். இப்படி ஓட்டினால் ஸிராக்கோவில் டயர் இன்னும் இரண்டு லேப் கூடுதலாகத் தாங்கும். கேமனை எடுத்தவன் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம் என்பதுதான் குறை.

மற்ற கேம்களோடு வைத்துப் பார்த்தால், ஃபோர்ஸா ஹொரைசன் 5 கார்களை டி முதல் எக்ஸ் வரை வகுப்பாகப் பிரிக்கிறது. அங்கே ஏறக்குறைய எந்தக் காரையும் நான்கு சக்கர டிரைவாக மாற்றி, வேறு எஞ்சின் போட்டு, வகுப்பின் உச்ச எண்ணில் கொண்டுபோய் நிறுத்தலாம். சுதந்திரம் அதிகம். ஆனால் கொஞ்ச நாளில் எல்லாரும் அதே கார், அதே டியூன் என்று ஆகிவிடுகிறது, காரின் குணமும் போய்விடுகிறது. அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே இதற்கு நேர் எதிர். முக்கியமாக ஜிடி3 கார்கள், டிராக்குக்கு டிராக் தனி பிஓபி. சமநிலையை மட்டும் பார்த்தால் மூன்றில் அதுதான் முதல். அதில் ஜாஸ் ஓட்ட முடியாது, என் மாதிரி ஆளுக்கு அது பெரிய இழப்பு.

கார் தேர்வைப் பற்றிப் பேசும்போது விலையையும் விட முடியாது. கேமில் இருக்கும் லெஜன்ட் கார் கடையில் மெக்லாரன் எஃப்1 வெளியீட்டின்போது 1 கோடியே 85 லட்சம் கிரெடிட் (கேமுக்குள் செல்லும் காசு). அதே மாதம் வந்த அப்டேட்டில் பரிசுத் தொகையை வேறு குறைத்து, சர்வரும் ஒரு நாளுக்கு மேல் முடங்கி, கடைசியில் தயாரிப்பாளர் கசுனோரி யமாவுச்சி மன்னிப்புக் கேட்டு 10 லட்சம் கிரெடிட் கொடுத்தார். ஏப்ரலில் பரிசை உயர்த்தினார்கள். இப்போது நிலைமை பரவாயில்லை. ஆன்லைனில் நிற்க இந்தக் கோடி கிரெடிட் கார்கள் தேவையே இல்லை, குரூப் 4 கார் ஒன்று போதும் என்பது புதிதாக வருகிறவர்களுக்கு நல்ல செய்தி. (இந்தியக் கம்பெனி பெயரில் ஒரு கார்கூட இல்லை. டாடா கையில் இருக்கும் ஜாகுவாரை வைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.)

புதுசாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: கஃபே மெனுவை (ஆரம்பத்தில் கேம் கொடுக்கும் கார் சேர்க்கும் வேலைகளை) முடித்துக்கொண்டு, கிடைக்கும் காசில் குரூப் 4-ல் பின் சக்கர வண்டி ஒன்றும் முன் சக்கர வண்டி ஒன்றும் வாங்குங்கள். அந்த வாரத் தினசரி பந்தயத்தில் டயர் தேய்மானம் எத்தனை மடங்கு என்று முதலில் பாருங்கள், பிறகு காரை எடுங்கள். தேய்மானம் இல்லாத வாரம் என்றால் தயங்காமல் ஸிராக்கோவை எடுக்கலாம். பாலிஃபோனியிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீண்ட பந்தயங்களுக்கு மட்டுமாவது பிஓபி அட்டவணையில் சக்தி, எடையோடு டயர் தேய்மானத்துக்கும் ஒரு எண் சேர்த்துக் கொடுங்கள்.